மறைத்து வைப்பது எளிமை ஆகாது

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் அண்மைக் காலத்தில் எழுந்த விடுமுறை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே முகம். வெள்ளையிலோ சிமென்ட் சாம்பலிலோ ஒரு பெட்டி. சன்ஷேட் கிடையாது, தாழ்வாரம் கிடையாது, சரிந்த கூரை கிடையாது. தரையிலிருந்து தளம் வரை கண்ணாடி. அதற்கு முன்னால் கடலோடு கலந்துவிட்டதுபோல் தெரியும் நீச்சல்குளம். உள்ளே ஒரு நீள மேஜை, ஒரு சோபா, மற்றபடி வெறுஞ்சுவர். இதற்கு மினிமலிசம் என்று பெயர். நிலம் விற்பவர்களின் விளம்பரமும், கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டு வரைபடமும், பளபளப்பான வீட்டு இதழ்களின் பாராட்டும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: இது ஆடம்பரத்தைத் துறந்த எளிய வீடு, கடலுக்கு முன் அடங்கி நிற்கும் வீடு, இயற்கைக்கும் மனிதருக்கும் நடுவே எதையும் வைக்காத வீடு.

இந்தப் பாராட்டு அடியோடு தவறு என்கிறேன். சோழமண்டலக் கரையின் வெயிலிலும் மழையிலும் உப்புக் காற்றிலும் இப்படி ஒரு வீடு எளியதாக இருக்கவே முடியாது. வீடு தானே செய்ய வேண்டிய வேலைகளை அதன் உடம்பிலிருந்து பிடுங்கி, இயந்திரத்திடமும் ரசாயனத்திடமும் கூலிக்கு இருப்பவர்களிடமும் கடைசியில் கரையிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒப்படைத்த இடம் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாணி வருவதற்கு முன் இதே சாலையில் கட்டப்பட்ட பண்ணை வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் ரோமானியத் தூண், மதில்மேல் சிங்கம், பால்கனிக்குப் பால்கனி சுதைப் பூ, நாலு நிறத்தில் பெயின்ட். அந்த ஆர்ப்பாட்டத்தைக் கண்டு சலித்த ஒரு தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் எல்லாவற்றையும் துடைத்தெறிய விரும்பியது இயல்புதான். வெறுஞ்சுவரில் சாயும் மாலை வெளிச்சம் அழகு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் துடைத்தவர்கள் சுதைப் பூவோடு சன்ஷேடையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். சுதைப் பூ போனால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. சன்ஷேட் போனால் அதன் வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்ததில்தான் தவறு தொடங்குகிறது.

நம் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. மற்ற எல்லாம் இதிலிருந்து வருகிறது. கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர் என்றால் அது கிழக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர். காலையில் கடலிலிருந்து எழும் சூரியன் படுக்கை வாட்டில் வீட்டுக்குள் நுழையும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் அதோடு சேர்ந்துகொள்ளும். சித்திரை வைகாசியில் எட்டு மணிக்கே அந்தக் கூடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. வடகிழக்குப் பருவமழை வருவதும் அதே பக்கத்திலிருந்துதான். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில், பெரும்பாலும் காற்றோடு சாய்ந்து அடிக்கிறது. புயலும் அந்தத் திசைதான்: 2011 டிசம்பரில் தானே, 2016 டிசம்பரில் வர்தா. வெயில், சாரல், புயல் மூன்றையும் முதலில் வாங்கும் முகம் எதுவோ, அந்த முகத்தில்தான் காப்பு அத்தனையும் கழற்றப்பட்டிருக்கிறது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறும். அது வர நேரமானால் சென்னையே புழுங்கும். கடலோரத்தில் ஒரு மனை வாங்குபவருக்குக் கிடைக்கும் உண்மையான செல்வம் அந்தக் காற்றுதான். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கண்ணாடியைச் சட்டமே தெரியாமல் பதித்தபின் அதை முழுதாகத் திறந்துவைக்க வழியில்லை. நகர்த்தும் கதவாக வைத்தாலும், நிழல் தரும் கூரை வெளியே இல்லாததால், திறந்தால் வெயிலும் மழையும் சேர்ந்தே வரும். எனவே மூடிவைத்துவிட்டு ஏசி போடுகிறார்கள். கடற்காற்றைத் தேடி நகரத்தை விட்டு வந்தவர்கள், அந்தக் காற்றைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டு மின்சாரத்தில் குளிர்கிறார்கள். இயற்கைக்கும் மனிதருக்கும் நடுவே எதுவும் இல்லை என்ற பாராட்டு இங்கேயே விழுந்துவிடுகிறது. நடுவில் இருப்பது காற்றுப் புகாத கண்ணாடி. பார்வையை மட்டும் விட்டு, மணத்தையும் ஓசையையும் ஈரத்தையும் தடுத்துவிடும் கண்ணாடி.

பழைய வீடு இதை எப்படிக் கையாண்டது? தரையிலிருந்து உயர்ந்த திண்ணை, அதன்மேல் தலை தட்டும் அளவுக்குத் தாழ இறங்கிய கூரை, அதற்குப் பின்னால் கனத்த சுவர், நடுவில் முற்றம். வெயில் இவற்றில் ஒவ்வொன்றையும் தாண்டும்போது கொஞ்சம் தணியும். சாரல் திண்ணையோடு நின்றுவிடும். காற்று மட்டும் தடையில்லாமல் முற்றம் வழியாக மேலே போகும். வெள்ளைச் சுவர்கூட இறக்குமதிச் சரக்கு இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிப் பளிங்குபோல் தேய்த்தெடுத்த மதராஸ் சுண்ணப் பூச்சு ஒரு காலத்தில் நாடுகடந்து பேர் பெற்றது. ஆங்கிலேயர் காலத்து மதராஸ் தோட்ட வீடுகள் அந்த வெள்ளையைப் பூசிக்கொண்டு நின்றன. ஆனால் அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆழமான வராந்தா இருந்தது, வராந்தாவின் தூண்களுக்கு நடுவே வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. அந்நியர்களாக வந்தவர்கள்கூட இந்த வெயிலுக்குப் பணிந்து வீடு கட்டினார்கள்.

பராமரிப்பு குறைவு என்பது இந்தப் பாணிக்காகச் சொல்லப்படும் இன்னொரு வாதம். வேலைப்பாடு இல்லாத சுவரில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கடலோரத்தில் கான்கிரீட் போட்ட எந்த மேஸ்திரியிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கி கான்கிரீட்டைப் பிளக்கும். இதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐஎஸ் 456, கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பியை மூடும் கான்கிரீட்டுக்கு, அதாவது கவருக்கு, 45 மில்லிமீட்டர் தடிமனும் கேட்கிறது. அலைத் திவலை நேரே படும் இடமென்றால் 50 மில்லிமீட்டர்.

மினிமலிச வீட்டின் பெருமையோ மெல்லிய கோடு. கூரையின் விளிம்பு காகிதம்போல் தெரிய வேண்டும், மாடிப்படி அந்தரத்தில் மிதக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு விளிம்பில் மேலும் கீழும் 45 மில்லிமீட்டர் விட்டால் கம்பிக்கு மிஞ்சுவது 10 மில்லிமீட்டர். அந்த இடத்தில் ஒரு வரிசைக் கம்பியையே முறையாகக் கட்ட முடியாது. ஆகவே ஒன்று விளிம்பு தடிக்க வேண்டும், இல்லையென்றால் கவர் குறைய வேண்டும். படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் வரும்போது எது குறையும் என்பதைச் சைட்டில் இருப்பவர்கள் அறிவார்கள். இல்லாவிட்டால் எபாக்ஸி பூசிய கம்பி, துருத் தடுப்பு ரசாயனம், மேலே சிலிகான் பூச்சு என்று ஒரு மருந்துக்கடையே தேவைப்படும். அந்தப் பூச்சையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு வரி கீறியிருப்பார்கள். மழைத்தண்ணீர் அந்த வரி வரை வந்து, அதைத் தாண்ட முடியாமல் கீழே சொட்டிவிடும், சுவருக்கு வராது. எவ்வளவு சிறிய ஏற்பாடு. அது போனபின் தளத்தில் விழும் தூசியும் பாசியும் மழையோடு வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடுகளாக வழிகின்றன. முதல் பருவமழையிலேயே வழிகின்றன. பிறகு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிறார்கள். கைப்பிடிக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட இங்கே ஏமாற்றும்: சாதாரண 304 ரகம் உப்புக் காற்றில் பழுப்புத் திட்டுக் கட்டும், மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் ஓரளவு தாங்கும். ஏசியின் வெளி யூனிட் அரிக்கும், கதவின் உருளை இறுகும், கண்ணாடியில் உப்புப் படலம் படியும். அந்தப் படலத்தை நல்ல தண்ணீரால் துடைக்காவிட்டால் கடலே மங்கலாகத் தெரியும். துடைப்பது யார்?

இந்தக் கேள்விக்கு வரைபடத்தில் பதில் கிடைக்காது. வீட்டின் பின்பக்கம் போக வேண்டும். முன்பக்கத்தில் ஒரு சுவிட்ச்கூடத் துருத்தாமல் இருப்பதற்கு, பின்பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, குளத்துத் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் இருக்கிறது, உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது, தண்ணீர் லாரி வந்து நிற்க இடம் இருக்கிறது. அடுப்பும் பாத்திரமும் கொடியில் காயும் துணியும் அங்கே இருக்கின்றன. மேற்கு மதிலை ஒட்டி, தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட ஓர் அறையில் காவலுக்கும் துடைக்கவும் இருக்கும் குடும்பம் ஆண்டு முழுக்க வாழ்கிறது. கடலைப் பார்க்கும் கூடம் மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு திறக்கும். உண்மையில் அந்த மனையில் குடியிருப்பவர்கள் யார் என்று கேட்டால், ஷீட் போட்ட அறையில் இருப்பவர்கள்தான். அவர்களுடைய அறையில் சாய்வெயிலுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு ஒரு கட்டுரைகூட எந்த வீட்டு இதழிலும் நான் படித்ததில்லை. ஒரு வீட்டின் அடக்கத்தை அளக்க விரும்புபவர் அந்த அறையிலிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராக எப்போதும் நீட்டப்படும் சான்று கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவின் சிறுகுடில். பிரான்சின் தென்கரையில், ரோக்புருன் கேப் மார்ட்டினில், 1951–52இல் தனக்காக அவர் அமைத்துக்கொண்ட மரக்குடில்: 3.66 மீட்டர் நீளம், 3.66 மீட்டர் அகலம், 2.26 மீட்டர் உயரம். இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். உலகப் புகழ் பெற்ற ஒருவர் கோடைகளை இவ்வளவு சிறிய அறையில் கழித்தார் என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் குடிலில் சமையலறை இல்லை. சுவரை ஒட்டி ஒரு சிற்றுணவகம் இருந்தது. குடிலிலிருந்து நேராக அங்கே போகக் கதவு வைத்திருந்தார். சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பக்கத்து வீட்டில் நடந்தன. குடில் அவ்வளவு சிறிதாக இருக்க முடிந்ததில் பக்கத்துச் சமையலறைக்குப் பெரும் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டுக் குடிலை மட்டும் துறவின் அடையாளமாகக் காட்டுவது பாதிக் கதை.

அந்தக் குடிலுக்குச் சற்றுக் கீழே இன்னொரு வீடு இருக்கிறது. ஐலீன் கிரே 1926 முதல் 1929 வரை கட்டிய இ-1027. வெள்ளை, தட்டைக் கூரை, கடலை நோக்கிய நீள ஜன்னல், எல்லாம் உண்டு. பார்வைக்கு நவீனப் பெட்டிதான். ஆனால் அவர் முதலில் அந்தச் சரிவில் வெயிலும் காற்றும் வரும் வழியைக் கவனித்தார். பிறகு ஜன்னல்தோறும் நகரும் மடங்கும் மரச் சட்டக் கதவுகளை அமைத்தார். படுத்தபடி எட்டும் இடத்தில் என்ன வேண்டும், நனைந்து வருபவர் எங்கே நிற்பார் என்பதுவரை யோசித்தார். பின்னாளில் அந்த வெறுஞ்சுவர்களில் அவருடைய விருப்பம் இல்லாமலே ஓவியம் தீட்டியவர் லெ கொர்புசியே. நம் ஊர் மினிமலிச வீடுகள் கிரேயின் வெள்ளையை எடுத்துக்கொண்டு, அவருடைய மரக் கதவுகளை விட்டுவிட்டன.

இந்தப் பாணியின் மூல வீடுகள் பல நிற்கும் நிலம் எது என்பதையும் பார்க்க வேண்டும். ஜான் பாசனும் கிளாடியோ சில்வெஸ்திரினும் சேர்ந்து அமைத்த நோயென்டார்ஃப் வீடு மயோர்கா தீவில் இருக்கிறது. ஆல்பர்த்தோ காம்போ பயேசாவின் எல்லையிலி வீடு, கடலை நோக்கி விரிந்த ஒரு கல்மேடைபோல, ஸ்பெயினின் காதிஸ் கரையில் இருக்கிறது. அந்த மத்தியதரைக் காலநிலையில் கோடை வறண்டது. மயோர்காவின் பால்மா நகரில் ஓராண்டில் பெய்யும் மழை சென்னை மழையில் பாதிகூட இல்லை. சன்ஷேட் இல்லாத சுவர் அங்கே பிழைத்துக்கொள்ளும். அப்படியும் அந்த ஊர்களின் பழைய வீடுகளில் சுவர் தடித்தது, ஜன்னல் சிறியது, ஜன்னலுக்கு வெளியே மரக் கதவு உண்டு.

அதே மயோர்காவில், சிட்னி ஓபரா ஹவுஸை வடிவமைத்த யோர்ன் உட்சன் 1970களின் தொடக்கத்தில் தனக்காகக் கட்டிய கான் லிஸ் என்ற வீடும் இருக்கிறது. உள்ளூர் மணற்கல்லைப் பூசாமல் அடுக்கிய சிறுசிறு மண்டபங்கள். கடலைப் பார்க்கும் திறப்புகளை ஆழமான கல் கூடுகளாகச் செய்து, கண்ணாடிச் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்தில் பொருத்தினார். உள்ளே இருப்பவருக்குக் கல்லும் கடலும் மட்டுமே தெரியும். இவ்வளவு கவனமாகக் கட்டியும் கடலின் கூசொளி அவர் கண்களை வருத்தியது. பார்க்க வருவோரின் தொல்லையும் சேர்ந்துகொண்டது. 1990களில் கரையிலிருந்து தள்ளி, மலைச்சரிவில் கான் ஃபெலிஸ் என்ற வேறொரு வீட்டைக் கட்டிக் குடிபோனார். ஆழக் கல் கூட்டுக்குள்ளிருந்து கடலைப் பார்த்த ஒருவருக்கே அந்த ஒளி தாங்கவில்லை. வட அட்சரேகையின் பதின்மூன்றாம் பாகைக்குச் சற்றுக் கீழே, கிழக்கு நோக்கி, மறைப்பே இல்லாமல் கண்ணாடி போடுபவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

குறைவே நிறைவு என்ற சொல்லோடு சேர்த்து நினைக்கப்படுபவர் மீஸ் வான் டெர் ரோஹே. அவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மருத்துவருக்காக இல்லினாய் மாநிலத்தில் ஆற்றோரம் கட்டி 1951இல் முடித்த வாரயிறுதி வீடு, கண்ணாடி வீடுகளுக்கெல்லாம் தாய்வீடு. வெயில் காலத்தில் அது வெந்தது. திறக்கக்கூடிய ஜன்னல்கள் ஒரு மூலையில் இரண்டே இரண்டு. தண்ணீருக்கு மேல் நிற்கும்படி உயர்த்திக் கட்டியும் 1954, 1996, 2008 ஆண்டுகளில் வெள்ளம் உள்ளே புகுந்தது. கட்டியவரும் கட்டுவித்தவரும் செலவுக் கணக்குக்காக நீதிமன்றம் போனார்கள். அது மகத்தான கலைப்படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. வாழ்வதற்கு எளிய வீடு என்று அதை முன்மாதிரியாக்குவதைத்தான் ஏற்க மாட்டேன்.

குறைத்துக்கொண்டே போகும் ஆசை எங்கே போய் முடியும் என்பதற்கு மாலிபு கடற்கரையில் ஒரு சான்று கிடைத்தது. ததாவோ ஆண்டோ வடிவமைத்த கான்கிரீட் வீடு ஒன்றை, பெயர் பெற்ற ராப் பாடகர் ஒருவர் 2021இல் ஏறத்தாழ 5 கோடியே 72 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஏற்கெனவே மழித்த வீட்டை மேலும் மழிக்க விரும்பி ஜன்னல், கதவு, மின்கம்பி, குழாய் எல்லாவற்றையும் பிடுங்கச் செய்தார். பசிபிக் கடலின் உப்புக் காற்று நேராக உள்ளே வீசும் வெறும் கூடாக அது நின்றது. 2024இல் 2 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

எளிமையான நவீனக் கட்டடம் நம் கரையில் சாத்தியமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கரையிலேயே அதன் உச்சம் இருக்கிறது. புதுச்சேரியில், கடலுக்குச் சில தெருக்கள் தள்ளி, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாமரும் உடனிருந்து கட்டிய அந்தக் கட்டடம் 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. விடுமுறை வீடு அன்று. சாதகர்கள் தங்கும் இடம். ஆனால் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு அலமாரி, வேறொன்றும் இல்லாத அதன் அறைகளைவிடக் குறைந்த அறைகளை எந்த விடுமுறை வீட்டிலும் காண முடியாது. அங்கே கண்ணாடி ஜன்னலே கிடையாது. நீண்ட வடக்கு முகமும் தெற்கு முகமும் முழுக்கக் கிடைவாட்டில் சுழலும் பலகைகள். வேண்டிய அளவு திறந்தால் காற்று வரும், சாய்த்தால் வெயில் தணியும், மூடினால் மழை நிற்கும். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே இடைவெளி விட்டு அடித்த தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவு. மறைவும் கிடைக்கும், காற்றும் போகும். தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இரண்டாவது கூரை; இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. குறுகிய கிழக்கு மேற்குச் சுவர்களை மூடியே வைத்தார்கள்.

அந்தப் பலகைகள் கல்நார் சிமென்ட்டால் ஆனவை. இன்று கட்டுபவர் வேறு பொருளைத் தேட வேண்டும். வெளித் தெரியும் கான்கிரீட்டும் அங்கே உண்டு. உப்புக் காற்றில் அது இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் ஆசிரமத்தாரின் இடைவிடாத கவனிப்பு. அந்தக் கவனிப்பைக் கூலிக்கு மட்டும் விடாமல் அங்கே இருப்பவர்களே ஒரு சாதனையாகச் செய்கிறார்கள் என்பது முக்கியம். கோல்கொண்டேயில் எதுவும் மறைக்கப்படவில்லை. வெயிலைத் தடுப்பது எதுவோ அதுவே கட்டடத்தின் முகம். அலங்காரம் என்று தனியாக ஒன்று இல்லாததற்குக் காரணம், வேலை செய்யும் உறுப்புகளே போதிய அழகோடு இருப்பதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகள் போக வேண்டிய வழி இது. சென்னையிலிருந்து அதே சாலையில் போனாலே எட்டிவிடும் தொலைவில் இருந்தும், நம் மாணவர்கள் இதைவிட மயோர்காவின் புகைப்படங்களையே அதிகம் அறிந்திருக்கிறார்கள்.

விடுமுறை வீடுதான் வேண்டும் என்றால் பாக் நீரிணையைத் தாண்டிப் பாருங்கள். ஜெஃப்ரி பாவா 1990களின் இறுதியில், இலங்கையின் தென்கரையில் மிரிச பக்கத்துச் செம்பாறைக் குன்றின்மேல் அமைத்த ஜெயவர்தன வீடு. மெல்லிய தூண்கள், அவற்றின்மேல் அகன்ற ஒரே கூரை, கீழே மேடை. பொதுக்கூடத்துக்குச் சுவரே இல்லை. வெலிகம விரிகுடாவின் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. சுவரை நீக்கிக் கூரையை வைத்துக்கொண்டார் பாவா. நம்மவர்கள் கூரையின் நிழலை நீக்கிச் சுவரைக் கண்ணாடியாக்கினார்கள். இரண்டும் குறைத்தல்தான், வெயிலையும் மழையையும் அறிந்து குறைத்தது எது என்பது பார்த்தவுடன் தெரியும்.

சொந்தப் பணத்தில் சொந்த நிலத்தில் கட்டுவதை நீ ஏன் கேட்கிறாய் என்று ஒரு கேள்வி வரும். அடித்தளத்துக்குக் கீழேயும் மதிலுக்கு வெளியேயும் இருப்பவை சொந்தம் இல்லை என்பதால் கேட்கிறேன். இந்தக் கரையில் குடிதண்ணீர் மணலுக்குள் மெல்லிய அடுக்காக, அடியிலுள்ள உப்புத்தண்ணீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது நீரியலின் அடிப்படைக் கணக்கு. நீச்சல்குளத்துக்கும் புல்வெளிக்கும் கண்ணாடி கழுவவும் ஒரு வீட்டு போர்வெல் இழுக்கும் தண்ணீர் பக்கத்துக் குப்பத்தின் கிணற்றிலும் குறைகிறது. உப்பு ஏறிய கிணறு ஒரு மழையில் திரும்பாது.

கடல் தடையில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக மணல் மேட்டைச் சமன் செய்கிறார்கள். மேட்டைப் பிடித்து வைத்திருந்த அடப்பங்கொடியையும் இராவணன் மீசையையும் களைந்து புல் விரிக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது மணல் மேடும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களுக்கும் இல்லாத இடங்களுக்கும் என்ன வேறுபாடு என்று இந்தக் கரை மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று நம்பி நகரும். இரவு முழுக்க எரியும் கண்ணாடிக் கூடம் அவற்றை நிலத்தின் பக்கம் இழுக்கிறது. 1988 முதல் சென்னைக் கரையில் ஆமை முட்டைகளைக் காக்க மாணவர்கள் இரவில் நடக்கிறார்கள் என்பதும், அவர்கள் கேட்பது விளக்கை அணைக்கும்படி மட்டுமே என்பதும் இந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாததன்று.

1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகக் கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதுக் கட்டடம் எழும்புவதைத் தடுத்தது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. அலை ஏறி இறங்கும் மணல் எவருடைய பட்டாவிலும் இல்லை. வலையும் கட்டுமரமும் போகும் வழி மீனவர்களுக்குத் தலைமுறை உரிமை. வரிசையாக மதில் எழும்போது அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. வீட்டுக்குள் தடுப்புச் சுவர் இல்லை என்று பெருமைப்படும் வீடு, ஊருக்கும் கடலுக்கும் நடுவே தடுப்புச் சுவராக நிற்கிறது.

அப்படியானால் செட்டிநாட்டுத் தூணை வாங்கி நட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்து, மங்களூர் ஓட்டை கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதுவும் படத்துக்காகக் கட்டுவதுதான். கான்கிரீட்டோ கண்ணாடியோ தட்டைக் கூரையோ எனக்குப் பகை இல்லை. நிழலும் காற்றும் வடிகாலும் யார் செலவில் கிடைக்கின்றன என்பது மட்டுமே என் கேள்வி.

கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழக்கு முகத்துக்கு எட்டடி ஆழத்தில் நிழல் கேளுங்கள். ஏசி இல்லாமல் சித்திரை மாதத்துப் பிற்பகலை எந்த அறையில் கழிக்கலாம் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். கம்பிக்குக் கவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். காவலுக்கு இருப்பவரின் அறையை முதலில் வரையச் சொல்லுங்கள், அதற்கும் தாழ்வாரம் வையுங்கள். மணல் மேட்டைத் தொடாதீர்கள்.

இதழாசிரியர்களுக்கும் விருதுக் குழுக்களுக்கும் இன்னொன்று. பெயின்ட் காய்வதற்குள் எடுத்த படத்தைப் பார்த்து ஒரு கடலோர வீட்டை மதிப்பிடுவதை நிறுத்துங்கள். ஐந்து பருவமழை கண்ட வீட்டுக்கு, நவம்பரில், மழை அடிக்கும் நாளில் போங்கள். பின்வாசல் வழியாக உள்ளே நுழையுங்கள். அந்தப் பக்கத்துப் படத்தையும் முன்பக்கப் படத்தின் அளவிலேயே அச்சிடுங்கள்.